மிளகுக்குச் சாட்சி

“உறைக்குதெண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்” என்றாள் மனைவி பியற்றிஸ், போனில்.

செபமாலைமுத்து விம்பிள்டன் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். விடியற்காலை டிப்போவில் பஸ் கழுவத் தொடங்கியவர், மத்தியானம் ஷிப்ட் முடிந்த கையோடு ரெயில் ஏறி வந்திருந்தார். கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போலக் கனத்தன.

“உறைக்காட்டி?” என்றார்.

“உறைக்கும். அந்த மிளகை நாள் முழுக்கக் கண்ணாலை பாக்கிறனான். பெட்டி பெட்டியாப் பிரிக்கிறது என்ரை கைதானே.”

“அப்ப ஏன் எனக்குப் பாடம் நடத்துறாய்?”

“நீங்கள் அங்கை போய் ஏதும் விசர்க்கதை கதைச்சுப்போட்டு வருவியள். எனக்கு உங்களைத் தெரியாதே?”

வால்தம்ஸ்டோவில் இராசரத்தினத்தின் கொம்பனிக் குளிரறையில் பதினொரு வருடமாக இறைச்சி பொதி செய்பவள் பியற்றிஸ். தென்னமெரிக்காவில் இருந்து கப்பலில் வரும் மாட்டிறைச்சி. வெறும் இறைச்சி என்றால் இறக்குமதி வரி முதுகை முறித்துவிடும். மிளகு தடவியது, அந்த மிளகு நாக்குக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றால், அது தயாரித்த உணவு; வரி இறங்கும். ஒன்றும் தெரியவில்லை என்றார்கள் சுங்கக்காரர்கள். இராசரத்தினம் வழக்குப் போட்டார். வழக்கு மூன்று வருடம் இழுபட்டது. கடைசியில் இரண்டு பக்கத்து வக்கீல்மாரும் ஒன்றுக்கு உடன்பட்டார்கள்: வெளியாட்கள் பத்துப் பேர் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

கொம்பனியில் வேலை செய்பவர்கள் வரக்கூடாது என்பது விதி. அவர்களுடைய புருஷன்மாரைப் பற்றிப் படிவத்தில் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. அவருடைய படிவத்தை நிரப்பி அனுப்பியதே பியற்றிஸ்தான்.

“வழக்குத் தோத்தா அடுத்த மாசமே கதவைப் பூட்டப்போறாராம் இராசரத்தினம் அண்ணை” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “இந்த ஐம்பத்தெட்டு வயசிலை என்னை ஆர் வேலைக்கு எடுப்பினம்? உங்கடை முதுகுதான் இன்னும் எத்தினை வருசம் தாங்கும்?”

“சரியப்பா. வை. நான் பாத்துக்கொள்ளுறன்.”

பரிசோதனைக்கூடத்தில் ஒன்பது பேர் ஏற்கெனவே வந்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். கொம்பனியின் வக்கீல் துளசி கதவருகே நின்றாள். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பெண்.

“தமிழா அங்கிள்?”

“ஓம் பிள்ளை.”

“ரொம்பக் களைப்பா இருக்கீங்க. உக்காருங்க. இதுக்கு மேல நான் உங்ககிட்டப் பேசக் கூடாது.”

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி வாயை விசிறிக்கொண்டே வந்து தண்ணீர் கேட்டாள். தாடி வைத்த பெடியன் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். செபமாலைமுத்து நிம்மதியாகக் கண்ணை மூடினார். பெயர் கூப்பிட்டபோது யாரோ தோளில் தட்டி எழுப்பவேண்டி இருந்தது.

உள்ளே ஒரு சின்னக் கூண்டு. இறைச்சியின் நிறம் தெரியாதபடி சிவப்பு பல்பு எரிந்தது. சுவரில் இருந்த சிறு ஜன்னல் வழியே ஒரு தட்டு வந்தது. அதில் ஒரேயொரு துண்டு.

மென்றார். ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்தது. நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தார், அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார், கடைவாயில் போட்டும் அரைத்தார். இல்லை.

முன்னால் ஒரு தாள். மூன்று பெட்டிகள்: தெளிவாகத் தெரிகிறது, கொஞ்சம் தெரிகிறது, தெரியவில்லை. அவருடைய பேனா தானாகவே மூன்றாவது பெட்டிக்குப் போய் நின்றது. சுகமில்லை என்று பொய் சொல்லி ஒருநாள் லீவுகூட எடுத்தறியாத மனிதர்.

பிறகு யோசித்தார். அந்தக் கிழவிக்குக் கண் கலங்கியது பொய்யா? அறுபது வருடமாகச் சிவக்கச் சிவக்கக் கறித்தூள் போட்டுத் தின்ற நாக்கு இது. காலையில் தின்ற சம்பலே இதற்கு உறைக்கவில்லை. தென்னமெரிக்காக்காரர் தூவுகிற ரெண்டு மிளகு இதற்கு எங்கே தெரியப்போகிறது? பிழை இறைச்சியில் இல்லை, தன் நாக்கில்தான். பியற்றிஸ் மிளகைக் கண்ணால் பார்த்தவள்.

முதலாவது பெட்டியில் சரி போட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்குக் கேட்கட்டும் என்று இரண்டு முறை இருமினார். கோப்பைத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

வெளியே வந்து உட்கார்ந்தபோது அன்றைக்கு முதல் தடவையாக உடம்பு லேசாக இருந்தது. இரண்டு வக்கீல்மாரும் தாள்களைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர் அசையவில்லை. முடிவைக் கேட்டுக்கொண்டு போனால் பியற்றிஸ் இன்றைக்காவது ஒழுங்காக நித்திரை கொள்வாள்.

அரை மணி நேரம் கழித்துத் துளசி வந்தாள். கையில் இருந்த பைலை நாற்காலியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்குது?”

“ஜெயிச்சிருக்கணும் அங்கிள். ஒன்பது பேர் சரியாச் சொல்லிட்டாங்க. ஒரே ஒருத்தராலதான் சோதனையே செல்லாமப் போச்சு. இனி அந்தக் கேஸ் நிக்காது.”

செபமாலைமுத்து நாற்காலியை விட்டு எழும்பினார். பதினொரு வருடம் அந்தக் குளிருக்குள் நின்று விறைத்த பியற்றிஸின் விரல்கள் கண்முன்னே வந்தன.

“ஆர் அந்த விசரன்? உறைக்கேல்லை எண்டு சொன்னவன்?”

துளசி பைலை எடுத்துத் திறந்தாள்.

“காரம் இல்லைன்னு யாருமே சொல்லலை அங்கிள். சாப்பிடுறவங்க உண்மையைத்தான் சொல்றாங்களான்னு பார்க்க, பத்துல ஒரு துண்டை மிளகே தடவாம வைப்பாங்க. அதுதான் உங்க தட்டுல இருந்தது.”