ரெண்டு ட்ரிப்பு

ஸ்கூல் ஆட்டோவுக்குக் குறுக்கே ஸ்கூட்டியை நிறுத்தினாள் அந்தப் பெண். நகரி பஜாரே திரும்பிப் பார்த்தது.

"எத்தினி பசங்கண்ணா உள்ள?"

"பதினாலு. வழி விடும்மா, பெல் அடிச்சிடும்." வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இப்படியா என்று எரிச்சலாக இருந்தது கோதண்டத்துக்கு.

"உன் பக்கத்துப் பலகையில ஒரு குழந்தை பாதி வெளிய தொங்கிக்கினு வருது. பாதிப் பேர எறக்கிட்டு ரெண்டு ட்ரிப்பு அடி."

"டீசலுக்கு நீ குடுப்பியா? இதுல உன் குழந்தை எதுனா இருக்குதா?"

"இல்ல. இருந்தாத்தான் கேக்கணுமா?"

அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோதண்டம் ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"சார், ஒரு பொம்பள வண்டிய மறிச்சிக்கினு நகர மாட்டேங்குது."

"எவடா அவ? ஸ்கூட்டியத் தள்ளிட்டுப் போய்க்கினே இரு! போலீஸு வந்தா நான் பாத்துக்கறேன்."

கோதண்டம் இளித்தான். "கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு." அவள் போன் பக்கம் குனிந்தாள். "நைனா, நான் யாமினி. என்னைத்தான் தள்ளச் சொல்றியா?"

ஓனருடைய மகளா இவள்! கோதண்டத்தின் இளிப்பு மறைந்தது.

"வீட்டுக்கு வாம்மா, பேசிக்கலாம்."

"வீட்டுல பேசிப் பேசி வாய் வலிக்குது நைனா. இனிமே ரோட்டுலதான்."

பலகையில் இருந்த குழந்தையை அவள் தூக்கிக் கீழே இறக்கினாள். மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு ட்ரிப்பே அடிச்சித் தொலைடா," என்றது போன்.

"போய்ட்டு வாண்ணா," என்றாள் யாமினி. "மீதிப் பசங்களோட நான் நிக்கிறேன். நாளைக்கும் நிப்பேன்."