சரத்தா, நவினா?

"நவினைக் குடுத்திடுங்கோ அண்ணை. இதில யோசிக்க என்ன கிடக்கு?"

தோசையைப் பிய்த்தபடியே சொன்னான் பார்த்தீபன்.

சான்ட்ரிங்ஹாம் சாப்பாட்டுக் கடையில், பயிற்சி முடித்த பசியோடு மூன்று பேர். பேஸ்பால் கிளப்பின் கோச் யசீகரன், ஸ்கோர் எழுதும் வித்தியா, பந்து எறியும் பிட்சர் பார்த்தீபன். ஊரெல்லாம் கிரிக்கெட் பேசினால் இவர்களுக்கு மட்டும் வேறு பைத்தியம்!

சிக்கல் இதுதான். சீசன் தொடங்கப்போகிறது. கிளப்பில் உருப்படியாக எறிய பார்த்தீபன் ஒருவன்தான். எல்லா மேட்ச்சிலும் ஒரே கை எறிந்தால் தோள் என்னத்துக்கு ஆகும்? அதுவும் போன வருஷம் ஆபரேஷன் செய்த தோள். ஆல்பனி கிளப்பில் நல்ல பிட்சர் ஒருவன் மிச்சம் இருக்கிறான். பதிலுக்கு அவர்கள் கேட்பது, யசீகரனின் இரண்டு நட்சத்திர பேட்டர்களில் ஒருவரை. சரத், இல்லாவிட்டால் நவின்.

"சரத்தைக் குடுத்தால் என்ன?" என்றாள் வித்தியா. "போன சீசன் நவின் அடிச்ச அடி மறந்துபோச்சோ? பந்து தேடித் தேடியே எனக்கு இடுப்பு முறிஞ்சது."

"அது போன சீசன் அக்கா. இப்ப பயிற்சியில பாக்கிறீங்கள்தானே? சரத் எண்டாலும் என்ர பந்தில அப்பப்ப ரெண்டு அடி போடுறான். நவின் ஒண்டைத் தொடுறானோ? காத்தைத்தான் அடிக்கிறான்!"

பார்த்தீபன் முகத்தில் பெருமை வழிந்தது.

வித்தியாவுக்குச் சுருக்கென்றது.

"ஆபரேஷனுக்குப் பிறகு, 'இனி என்னால எறிய ஏலாது' எண்டு வீட்டுக்குள்ள கிடந்து அழுதாய். உன்னைத் திரும்ப மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததே நவின்தான்."

"ஓம், இல்லையெண்டு சொன்னனானோ? அது வேற, இது வேற. விளையாட்டில இரக்கம் பாக்க ஏலாது."

யசீகரன் பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் அவனை விட மனசில்லை. ஆனா பயிற்சிப் பந்தையே தொடாதவனை மேட்ச்சில எப்பிடி இறக்கிறது?"

போனை எடுத்து ஆல்பனி மேனேஜர் ரவிசங்கரை அழைத்தார். மற்ற இருவரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"சொல்லுங்க சார், முடிவு பண்ணியாச்சா?"

"நவினை எடுங்கோ. ஆனா ஒண்டை மறைக்க விருப்பமில்லை. அவன் இப்ப ஃபார்மில இல்லை."

மறுமுனையில் பெரிய சிரிப்பு.

"ஏன் சார் காமெடி பண்றீங்க? நேத்து பார்த்துக்கச் சொல்லி ரெண்டு பேரையும் அனுப்பினீங்கல்ல? எங்க பிட்சருங்க ஒருத்தனையும் நவின் விட்டு வைக்கல. அப்பப்பா, என்னா அடி! பந்தெல்லாம் வேலி தாண்டிப் போய் கார் மேல விழுது. நான் வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன் சார். இப்படி ஒருத்தன நான் பார்த்ததே இல்ல!"

தோசையோடு போன பார்த்தீபனின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"நவினோ? வடிவாத் தெரியுமோ?" என்றார் யசீகரன்.

"ஆமா சார், நவினேதான். வர்றதுக்கு அவன் ரெடி. ஆனா ஒரு கண்டிஷன் போடுறான், அதான் எனக்குப் புரியல. உங்க டீமோட மோதுற அன்னைக்கு மட்டும் தன்னை இறக்கக் கூடாதாம்."



"கடவுளே..." என்றாள் வித்தியா. "அப்ப இவ்வளவு நாளும் வேணுமெண்டே காத்தை அடிச்சிருக்கிறான்."

யசீகரனால் நம்ப முடியவில்லை. தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டு இப்படியும் ஒருத்தன் செய்வானா?

பார்த்தீபன் தலையே நிமிரவில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றார் ரவிசங்கர். "பழைய டீம் மேல பாசமான்னு கேட்டேன் சார். 'அது இல்ல. மேட்ச்னு வந்தா நான் அடிச்சே ஆகணும். பார்த்தி இப்பத்தான் தன் கைய நம்ப ஆரம்பிச்சிருக்கான், அது என்னால போயிடக் கூடாது'ன்னான். யார் சார் அந்த பார்த்தி?"