குருடாயில்

அநியாயம் நடந்தது அத்தாயிக்கு. இரண்டு கண்ணும் போய்விட்டது. போக்கடித்தது அவளைக் கட்டின சென்றாயனின் லாரி.

மலைமேல் சோளக்காட்டு ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொன்னார்கள். அத்தாயியின் தங்கை இருசாயி மட்டும் சொன்னதோடு நிற்கவில்லை. ஊர்க்கவுண்டர் சின்னுசாமியைப் பிடித்து உலுக்கி, கூட்டம் போட வைத்துவிட்டாள்.

"பொட்டப்புள்ள கூட்டத்துல பேசறதா?" என்று யாரோ முனகினார்கள்.

"கண்ணு போனது பொட்டப்புள்ளைக்குத்தானுங்களே! அப்புறம் யாரு பேசறது?" என்றாள் இருசாயி. முனகல் நின்றது.

மலைக்கு ரோடு போட்ட புதிது. சென்றாயனின் பெட்ரோல் லாரி அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு ஏற மாட்டாமல் வளைவுக்கு வளைவு நின்று போகும். சக்கரத்துக்குக் கல் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், அவன் சேலத்துக்கு ஓட்டிப் போனான். பழைய இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினும், எண்ணெயைப் பீய்ச்சி அடிக்கிற பெரிய பம்ப்பும் வைத்துக்கொண்டு வந்தான். அதன்பிறகு லாரி நிற்கவில்லை. மைப்புகையைக் கக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் மேலே வந்தது.

கீழே இருக்கிறவர்கள் டீசலைக் குருடாயில் என்பார்கள். லாரியோடு சேர்ந்து அந்தப் பேரும் மலை ஏறிவிட்டது. கொஞ்ச நாளில் அத்தாயிக்குக் கண் சிவந்தது. பிறகு பார்வையே போனது.

"பேர்லயே குருடு இருக்குதுங்க. பேரு வச்சவன் தெரியாமயா வச்சான்?" என்று கேட்டாள் இருசாயி.

கூட்டத்தில் இருந்த காத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படின்னா வெளக்கெண்ணெய ஊத்துனா லாரிக்கு வெளக்கே வேண்டாமா புள்ள?"

"உங்க பொண்டாட்டி கண்ணு போயிருந்தா இப்படிச் சிரிப்பு வருங்களாண்ணா?"

காத்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த இருசாயியின் அம்மா பாவாயி மண்ணை வாரி லாரி நின்ற திசையில் இறைத்தாள். "நாசமாப் போற வண்டி! எம்புள்ள கண்ணைத் தின்னுட்டு நிக்குது பாரு!"

ஊர்க்கவுண்டர் சென்றாயனைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற? புகைதானா?"

சென்றாயன் லாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஆமாங்க. புகைதானுங்க" என்றான்.

கூட்டம் சளசளத்தது. லாரியை இனி மலைக்கே விடக்கூடாது என்றாள் இருசாயி. அங்கேதான் பெரியவர்களுக்கு நியாயம் இடித்தது. லாரி நின்றால் உப்புக்கு எங்கே போவது? மிளகு மூட்டையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு இறங்குவதா? கடைசியில் தீர்ப்பு வந்தது. லாரி ஓடட்டும். பெண்டு பிள்ளைகள் புகைக்குத் தள்ளி நின்றுகொள்ளட்டும். சென்றாயன் அத்தாயியோடு உறவைத் தீர்த்துக்கொண்டு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடட்டும்.

கண்ணைக் கெடுத்த வண்டிக்கு ஊரில் இடம் உண்டு. கண் கெட்டவளுக்குப் புருஷன் வீட்டில் இடம் இல்லை. இருசாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சரிங்க" என்றான் சென்றாயன்.

அத்தாயி அவன் இல்லாத பக்கம் முகத்தைத் திருப்பி, "அவரு என்ன சொன்னாரு? என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்தது. சென்றாயன் லாரியில் ஏறப்போனான். இருசாயி ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்ப மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலீங்களா மாமா? பம்ப்பு மேல இருக்கற ஆசை எங்கக்கா மேல இல்லீங்களா?"

"கதவை விடு கண்ணு."

"விட மாட்டேன். பதில் சொல்லிட்டுப் போங்க."

அவன் பாவாயி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சேலத்து டாக்டர் பார்த்துட்டுச் சொன்னாரு. புகையால இல்லியாம். வெறும் கண்வலியாம். சும்மா விட்டிருந்தா தானா தெளிஞ்சிருக்குமாம்."

"அப்புறம் எப்படிங்க..."

"செவப்பு எறங்கட்டும்னு உங்கம்மா எருக்கம்பாலு விட்டிருக்குது. நான் அப்போ லோடுக்குப் போயிருந்தேன். அதுதான் ரெண்டு கண்ணையும் பொசுக்கிருச்சாம்."

இருசாயியின் கை கதவிலிருந்து தானாக நழுவியது.

பாவாயி இன்னும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். குருடாயிலைச் சபித்துச் சபித்துக் குரல் கம்மிப்போயிருந்தது.

"அம்மாகிட்டச் சொல்ல வேண்டாங்க மாமா, அது தாங்காது" என்றாள் இருசாயி. பிறகு அத்தாயி இருந்த பக்கம் திரும்பினாள். "ஆனா அக்காகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே! உங்களாலதான் கண்ணு போச்சுன்னு நெனச்சுக்கிட்டே காலம் பூரா கெடப்பாளே!"

சென்றாயன் ஏறி உட்கார்ந்து லாரியைக் கிளப்பினான்.

"இனிமே அவ உங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே கண்ணு நடக்கோணும்?"