தளர்த்திய விசை

தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பின்பக்கத்தை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, கடை மேஜைமேல் நிறுத்திக்கொண்டிருந்தான் ஹென்ஸ்லி.

"எல்லாம் கொசு கடிச்ச மாதிரி இருக்கு, பெரியவரே. துப்பாக்கியோட சுத்தியல் அடிக்கவே இல்ல. தடவிக் குடுத்திருக்கு."

இந்தக் கடைக்குள் காலே வைக்க மாட்டேன் என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் ஆர்வில் ஸ்டாம்பர். துப்பாக்கி ரிப்பேர்க்காரன் எவனும் யோக்கியன் இல்லை, நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டத்தை மாட்டி அனுப்புவான் என்பது அவர் கட்சி.

அதனால்தான் ரிவால்வரை வீட்டிலேயே பிரித்தார். சமையலறை மேஜையில் துண்டை விரித்து, உள் இரும்பை எண்ணெய் விட்டு நாள் முழுக்கத் தேய்த்தார். சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒஹாயோவிலிருந்து தபாலில் வரவழைத்த மெலிந்த ஸ்பிரிங்கைப் போட்டார். அது போதாதென்று அதையும் தளர்த்தினார்.

விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய், பழைய விசையை இழுக்கவே முடியவில்லை என்று எவனிடமும் சொல்ல மனசில்லை.

வேலை பிரமாதமாக வந்தது. விசை வெண்ணெய்க்குள் போவதுபோலப் போயிற்று.

சனிக்கிழமை துப்பாக்கி கிளப் போட்டியில் மானம் போயிற்று. ஆறில் ஐந்து வெறும் டிக். வெடித்த ஒன்றும் மண்மேட்டில் போய்ப் புதைந்தது. அட்டை மனிதன் ஒரு கீறலும் இல்லாமல் நின்றான்.

"ஆர்வில், அவன பயமுறுத்தியே கொல்லப் போறியா?" என்றான் ஒருத்தன். முப்பது பேர் சிரித்தார்கள்.

வெடிக்காததை அங்கே விட்டுவர கிளப்பில் சம்மதிக்க மாட்டார்கள். பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். இன்றைக்கு அந்தப் பையை அப்படியே ஹென்ஸ்லி முன்னால் கவிழ்த்தார்.

"வீடியோ பாத்துப் பண்ணினீங்களா?"

"வேலையப் பாருடா."

சிரித்துக்கொண்டேதான் கடைசித் தோட்டாவையும் எடுத்தான் ஹென்ஸ்லி. அதை நிறுத்தும்போது சிரிப்பு நின்றுபோயிற்று.

மற்ற ஐந்தும் கிளப்பில் கொடுக்கிற சப்பை மூக்கு ஈயத் தோட்டா. இதன் மூக்கில் குழி இருந்தது. அட்டையைச் சுட எவனும் இதைச் செலவழிக்க மாட்டான். இது தலைமாட்டில் இருக்கிற துப்பாக்கிக்குள் போட்டு வைப்பது. ஆளுக்கென்று வைப்பது.

அதன் பின்பக்கத்திலும் அதே கொசுக்கடி.

ஆர்வில் அப்போதுதான் பார்த்தார். இதையும் அந்தப் பையில்தானே போட்டோம் என்று நினைவு வந்தபோது காது மடல்வரை சுட்டது.

ஹென்ஸ்லி குரலைத் தாழ்த்தினான். "பெரியவரே, இத யார் மேல இழுத்தீங்க?"

"பழைய சரக்கு. கொல்லையில வச்சு சோதிச்சுப் பாத்தேன்."

ஹென்ஸ்லி நம்பவில்லை. நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று ஆர்விலுக்குத் தெரியும். எழுபத்தாறு வருஷமாக ஊருக்கு அவர் காட்டிவந்த முகம் அதுதான்.

கதவு மணி கிணுகிணுத்தது. வண்டியிலேயே இரு என்று சொல்லியிருந்தும் கேட்காமல், இரண்டு காப்பியோடு உள்ளே வந்தாள் மகள் நடீன். ஒன்றை அப்பா கையில் திணித்தாள். மடங்கிக் கிடந்த அவர் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"நல்லா பண்ணிக் குடுங்க ஹென்ஸ்லி. தனியா இருக்கற மனுஷன். இழுத்தா வெடிக்கணும். இல்லன்னா எதுக்கு அந்த எழவு?"

ஹென்ஸ்லி அவளைப் பார்த்தான். ஆர்விலைப் பார்த்தான். அந்தத் தோட்டாவை மெதுவாக உள்ளங்கையால் மூடினான்.

ஆர்வில் காப்பியைக் குடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை, நாலு தடவை போன் அடித்தும் அப்பா எடுக்கவில்லை என்று பதறி, தன்னிடம் இருந்த சாவியால் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தவள் அவள்தான். காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்தவருக்குப் படுக்கையறை வாசலில் ஒரு நிழல் மட்டும் தெரிந்தது.

தோட்டாதான் கெட்டது என்று சனிக்கிழமைவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அறை விளக்கைப் போட்டுவிட்டு, அவர் காதருகே குனிந்து, டிக்கென்று என்னவோ கேட்டதே, என்னப்பா அது என்று நடீன் கேட்டாள். போர்வைக்குள் கையை மறைத்துக்கொண்டு, தலைமாட்டு விளக்கின் சுவிட்ச், கெட்டுப்போய்விட்டது என்றார்.

மறுநாளே அவள் புது விளக்கு வாங்கிவந்து வைத்தாள்.