சமாதானம் ஆக ஏழு மைல்

“அவ மொகத்துல முழிக்க மாட்டேன், உபதேசியாரே! என் பேரை எழுதாட்டிப் போங்க!”

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபவீட்டு வாசலில் முத்தாத்தாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நின்றாள். உபதேசியார் ஐயாதுரை நோட்டை மூடிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மதுரையிலிருந்து பாதிரியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அப்போதுதான் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் இராப்போஜனம். லுத்தரன் சபையில் அதற்கு முன்கூட்டியே பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் பேர் ஏறாது. அவர்கள் வீட்டுக்கே போய், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, சமாதானம் ஆகிவிட்டு வர வேண்டும். இந்தச் சாப்பாட்டு விதி ஐயாதுரையே சேர்த்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“யாரோட சண்டை?”

“வேற யாரு? ராஜபாளையத்துல இருக்காளே என் கூடப்பொறந்தவ, இருளம்மா!”

“போன தடவையும் அவதானே?”

“போன தடவை அம்மா வச்சுட்டுப் போன வெண்கலச் செம்புக்கு. அதுக்கு முந்தி, ஞானப்பாட்டை நான் இழுத்து இழுத்துப் பாடுதேன்னு சொன்னதுக்கு. இது வேற. என் கருவாட்டுக் கொழம்பு உப்புக் கரிக்குன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியுதா.”

“அவளைக் கடைசியா எப்பப் பார்த்த?”

“போன தடவை சமாதானம் ஆகப் போனேன்லா, அப்பத்தான்.”

மூன்று மாதமாக முகத்தையே பார்க்காமல் இம்புட்டுச் சண்டையா! ஐயாதுரைக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. குடையை எடுத்துக்கொண்டு நேராக அவள் புருஷன் சமுத்திரத்திடம் போனார்.

சமுத்திரம் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. “அவ போயிட்டா இங்க நூல் சுத்துறது யாரு?”

“அப்ப உன் பெண்சாதி இராப்போஜனம் எடுக்காம நிக்கட்டுமா?”

பெண்டாட்டியை வாசற்படி தாண்ட விடாத மனிதர்தான் சமுத்திரம். ஆனால் சபைக் காரியம் என்றால் மறுபேச்சுப் பேசமாட்டார். “சரி, நாளைக்கு விடியப் போயிட்டு, வெளக்கு வைக்க வந்துரணும்” என்று முணுமுணுத்தார்.

“இந்தத் தடவை நானும் கூட வாரேன்” என்றார் ஐயாதுரை. “இந்தப் பகையை வேரோட பிடுங்கிட்டுத்தான் மறுவேலை.”

முத்தாத்தாள் முகம் லேசாகச் சுருங்கியது. “உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?”

மறுநாள் சனிக்கிழமை, இரண்டு ஊருக்கும் தினமும் போய்வரும் மலைச்சாமியின் மாட்டுவண்டியில் இருவரும் ராஜபாளையம் போய் இறங்கினார்கள். இருளம்மாள் வீட்டு முற்றத்தில் நின்றபடியே ஐயாதுரை மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாலு வார்த்தை பேசுவதற்குள் அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். அவருக்கே கண் கலங்கிவிட்டது. தம் பிரசங்கத்துக்கு இவ்வளவு வலு உண்டு என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அது மட்டுமா? சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்களுக்குக் கோழிக்குழம்பும் சுடுசோறும் தயாராக இருந்தன. எல்லாம் ஆண்டவர் செயல் என்று எண்ணி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். இந்தச் சமாதானத்தைப் பாதிரியாரிடம் எப்படிச் சொல்வது என்றும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். மண்சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றடியில் பேச்சுச் சத்தம் கேட்டது.

“பொய்யாச் சண்டை போடுறது பாவமில்லையாக்கா?” இது இருளம்மாள்.

“பாவந்தான். நாளைக்குப் பாவ அறிக்கையில அதையும் சேத்துச் சொல்லிருதேன்” என்ற முத்தாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “தங்கச்சியப் பாக்கப் போறேன்னா அந்த மனுசன் விடுதாரா? சமாதானம் ஆகப் போறேன்னாத்தான் விடுதாரு! ஏட்டி, அடுத்த சண்டைக்கு நீதான் காரணம் சொல்லணும். நல்லதா யோசிச்சு மலைச்சாமிட்டச் சொல்லி விடு.”