பக்கத்துக் கதிரை

"மூணாவது விடை ஏன் பிழை, ஆரணி?"

"சரியான விடை ரெண்டாவது. அதைப் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போ."

"அது வெளங்குது. மூணாவது ஏன் பிழை?"

றிப்னா இப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் ஏ.எல். பரீட்சைக்கான உயிரியல் ரியூஷன் கிளாசில் எனக்குப் பக்கத்துக் கதிரை.

எனக்கு இந்தப் பரீட்சை மூன்றாந்தரம். இதற்குப் பிறகு எழுத விடமாட்டார்கள். என்னோடு படித்தவர்கள் கம்பசுக்கோ கனடாவுக்கோ போய்விட்டார்கள். கிளாசில் மிச்சம் எல்லாம் என்னை அக்கா என்கிற பிள்ளைகள். ஒருத்தியும் பக்கத்தில் இருப்பதில்லை. தோல்வி தொற்றும் என்ற பயமோ என்னவோ.

றிப்னா மட்டும் போன வருட முகம். அவளும் கோட்டை விட்டவள்தான் என்று நினைத்தேன். ரிசல்ட் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

ஆனால் அவளுக்கு அக்கறையே கிடையாது. நோட்ஸ் எழுத மாட்டாள். டெஸ்ட் வைத்தால் பேப்பரைக் கொடுக்க மாட்டாள். கேள்வி மட்டும் கேட்பாள். பதில் தெரியாமல் நான் வீட்டில் புத்தகத்தைப் புரட்டி, அடுத்த ஞாயிறு வந்து விளங்கப்படுத்த வேண்டும்.

"மெடிசினுக்கு மூணு ஏ எடுத்தாக் காணாதா டீ?"

"காணாது. எல்லாரும் எடுத்தா உன்ர 'ஏ'க்கு மதிப்பில்லை. மற்றவையை விட நீ எவ்வளவு மேல எண்டுதான் இசட் ஸ்கோர். அதிலயும் கொழும்பு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி கூட. உனக்கு விளங்கப்படுத்துற நேரத்துக்கு நான் ரெண்டு பேப்பர் செய்திருப்பன்."

"செஞ்சு? பொறகும் அதே பிழையத்தானே விடப்போறாய்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ வாப்பாவின்ர சல்லியைக் கரைக்க வாறாய். நான் பாஸ் பண்ண வாறன். இனிப் பக்கத்தில இருக்காத."

றிப்னா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. டெஸ்டில் எனக்குத்தான் கூடின மார்க்ஸ். காட்ட ஆளில்லை.

பஸ் ஹோல்ட்டில் நின்று போன் அடித்தேன். அவளுடைய உம்மா எடுத்தார்.

"றிப்னா தொழுறா மகள். நாளைக்கு மெடிக்கல் பெகல்ட்டி தொடங்குது, இன்னும் பேக் கட்டி முடியல்ல."

"மெடிக்கல் பெகல்ட்டியா?"

"ஓம், போன ரிசல்ட்லயே கெடச்சிட்டே. தொடங்குற வரைக்கும் வீட்டில நிக்கல்ல. கிளாசில ஒரு பிள்ளை தனியா ஈக்கிது, அதுக்குப் படிச்சுக் குடுக்கப் போறன்னு ஞாயித்துக்கிழம எல்லாம் போனா."

வந்து நின்ற என் பஸ்ஸில் நான் ஏறவில்லை.

"நீங்களும் அந்தக் கிளாஸ்தானே மகள்? இப்ப அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில யாராவது ஈக்கிறாங்களா?"