பின்மூலை

அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கிய, அடுப்பும் படுக்கையும் வைத்த கேரவன் அது. அதன் பின்மூலையில் உடைந்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு மெக்கானிக் புதிதைப் பொருத்துகிறார். வெயிலில் மஞ்சளேறிய வண்டியின் உடம்பில் அந்த மூலை மட்டும் பொய்ப்பல் மாதிரி வெளுத்துத் தெரிகிறது. ஷெட் முழுக்கப் பசை நெடி. "பழசையே ஒட்டிக் குடுத்திருப்பேனே சார்" என்கிறார். "வேணாம். அண்ணி கண்ணுல அந்த ஒடசல் படக்கூடாது" என்கிறான் தம்பி. "எதுல இடிச்சீங்க?" "சுவத்துல." சுவருக்கும் வண்டிக்கும் நடுவே அண்ணன் நின்றிருந்ததை அவன் சொல்லவில்லை. கழற்றிய துண்டுகளை மெக்கானிக் காலால் ஓரம் தள்ளுகிறார். அவை சிமெண்டுத் தரையில் கிறீச்சிடுகின்றன. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறான். அடுப்புக்கு மேலே கொக்கியில் தொங்கும் இரண்டு கோப்பைகள் நடுங்கி ஒன்றோடொன்று மோதுகின்றன. ரிவர்ஸ் கியர் போடுகிறான். மெக்கானிக் வண்டிக்குப் பின்னால் போய் நிற்பது பக்கக் கண்ணாடியில் தெரிகிறது. புது மூலையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அண்ணன் கடைசியாகச் சொன்ன வார்த்தையை, அதே இழுவையில் அவரும் சொல்கிறார்: "வரட்டும்... வரட்டும்..." பிறகு, "எடம் நெறைய இருக்கு சார், தைரியமா வாங்க." பிரேக்கை மிதித்த காலை அவனால் எடுக்க முடியவில்லை.